கம்போடியாவில் நடந்தது இனப்படுகொலையா? ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன கெட்டுப்போகும்?

வாசகர் கேள்வி – 5 ஏப்ரல் 2025

கம்போடியாவில் கொன்றவனும் கெமர் இனம், செத்தவனும் அதே கெமர் இனம். அப்புறம் எப்படி அது இனப்படுகொலை ஆகும்? ஹிட்லர், போல் பாட், ருவாண்டா எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொன்றும் தனி. ஒப்பிடுவது செத்தவர்களைத் தராசில் வைப்பது போல. யாராவது மறுக்க முடியுமா?

5 ஏப்ரல், இரவு

முதல் பாதியில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1948 டிசம்பர் 9 அன்று பாரிஸில் ஐநா பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கை நான்கு வகைக் கூட்டங்களைத்தான் பேசுகிறது: தேசிய இனம், இனக்குழு, நிறவினம், மதம். பணக்காரன், படித்தவன், பழைய ஆட்சியில் வேலை பார்த்தவன் என்று பிரித்துக் கொன்றால் அது இந்த நான்கில் எதிலும் உட்காராது. இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்னால், 1946 டிசம்பரில், அதே பொதுச்சபை போட்ட தீர்மானத்தில் ‘அரசியல்’ கூட்டங்களும் இருந்தன. வரைவு கை மாறி மாறிப் போனதில் அது உதிர்ந்துவிட்டது. சோவியத் தரப்பு அதை எதிர்த்தது, வேறு சில நாடுகளும் சேர்ந்துகொண்டன. எதிர்க்கட்சிக்காரனை என்ன செய்கிறோம் என்று வெளியாள் கேட்பதை எந்த அரசாங்கம் விரும்பும்?

அதனால்தான் கம்போடியாவில் ஐநா துணையோடு நடந்த நீதிமன்றம், 2018 நவம்பர் 16 தீர்ப்பில், போல் பாட்டின் கெமர் ரூஜ் ஆட்சியில் இரண்டாம் இடத்தில் இருந்த நுவோன் சியா, ‘சாம்’ என்ற சிறுபான்மை முஸ்லிம்களையும் வியட்நாமியரையும் அழித்ததை மட்டும் இனப்படுகொலை என்றது. அந்த ஆட்சியின் நாட்டுத் தலைவர் கியூ சம்பானுக்கு வியட்நாமியர் விஷயத்தில் மட்டும். ஏறக்குறைய 80 லட்சம் பேர் இருந்த நாட்டில் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் போனார்கள். அதில் பெரும்பகுதி ‘மானுடத்துக்கு எதிரான குற்றம்’ என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறது.

பின் பாதி எனக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றும் தனி என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தானே?

நான் வரலாறு படித்தவன் இல்லை, கணக்கு எழுதுகிறவன். 2008-இலிருந்து 2011 வரை ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு பார்த்தேன். கூரைத் தகரம், சிமெண்டு, ஆணி, மண்வெட்டி, வெட்டரிவாள். அங்கே இருந்தபோது ஒரு எக்செல் தாள் ஆரம்பித்தேன். 1904-இல் ஜெர்மானியர்கள் இன்றைய நமீபியாவில் ஹெரேரோக்களைப் பாலைவனத்துக்குள் துரத்தியதில் தொடங்கி வரிசையாக ஒவ்வொன்றும் ஒரு வரி. ஆண்டு, நாடு, எண்ணிக்கை, மக்கள்தொகையில் எத்தனை விழுக்காடு, எத்தனை நாள். ஆக, தராசில் வைத்த ஆள் நானேதான். அதைப் பற்றி அப்புறம்.

6 ஏப்ரல்

ஒன்று விட்டுவிட்டேன். உங்கள் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அது நம் சொல்லால் வந்தது. ‘இனப்படுகொலை’ என்று சொன்னதுமே காதில் கொலைதான் விழுகிறது, உடனே எத்தனை பிணம் என்று கேட்கிறோம். உடன்படிக்கை ஐந்து செயல்களைச் சொல்கிறது. கொல்வது அதில் ஒன்று. உடலுக்கோ மனத்துக்கோ கடும் கேடு செய்வது, வாழவே முடியாத நிலைமைக்குள் வேண்டுமென்றே தள்ளுவது, பிள்ளை பிறக்காமல் தடுப்பது, பிள்ளைகளைப் பிடுங்கி வேறு கூட்டத்திடம் கொடுப்பது ஆகிய மற்ற நான்கிலும் ஒரு உயிர்கூடப் போகாமல் இருக்கலாம். கூட்டத்தை அழிக்கும் நோக்கம் இருந்தால் போதும்.

ஈழத்தில் பலர் ‘இனவழிப்பு’ என்று எழுதுகிறார்கள். நான் நெடுங்காலம் அதை வெறும் நடை வித்தியாசம் என்று நினைத்திருந்தேன். இல்லை. அழிப்பு என்ற சொல்லுக்குள் அந்த ஐந்தும் அடங்கும், படுகொலைக்குள் அடங்காது. ‘ஜெனோசைட்’ என்ற மூலச் சொல்லே அப்படித்தான் செய்யப்பட்டது.

7 ஏப்ரல்

இன்று ருவாண்டாவில் துக்க வாரம் தொடங்குகிறது. கொடி அரைக்கம்பத்தில், கல்யாணம் காட்சி இல்லை, பாட்டு இல்லை.

கிகாலிக்குப் போன முதல் மாதமே நான் ஒரு தப்பு செய்தேன். கடையில் ஸ்டோர் பார்த்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அமைதியான மனிதர். டீ குடிக்கும்போது அவரிடம், நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டேன். நம்மூரில் ‘எந்த ஊரு? அங்கே எந்தத் தெரு?’ என்று கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவோமே, அந்தப் பழக்கதோஷம். அவர் கோபப்படவில்லை. கப்பைக் கீழே வைத்தார். “இங்கே இதை யாரும் கேட்பதில்லை. கேட்ட காலத்தில் பதில் அட்டையில் இருந்தது” என்றார்.

பெல்ஜியர்கள் 1930-களில் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். ஹூட்டு, டுட்சி, ட்வா என்று அதில் எழுதியிருக்கும். பத்து மாடு வைத்திருந்தவன் டுட்சி என்று பதிந்தார்களாம். பெல்ஜியக்காரன் போய் முப்பது வருடம் கழித்தும் அட்டை போகவில்லை. 1994 ஏப்ரல் 6 இரவு அதிபரின் விமானம் சுடப்பட்டது. மறுநாளிலிருந்து ஹூட்டு தீவிரவாதிகள் டுட்சிகளைத் தேடிக் கொன்றார்கள். சாலைத் தடுப்புகளில் கேட்ட முதல் கேள்வி, ‘அட்டை எங்கே?’

பின்னால் என் தாளில், ஸ்டோர்க்காரர் சொன்ன அந்தப் பதிலை நினைத்து, புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: ‘பட்டியல் யார் எழுதியது?’

8 ஏப்ரல்

6-ஆம் தேதி எழுதியதில் கடைசி வரி பிசகு. 1944-இல் அந்தச் சொல்லை உருவாக்கிய ரபேல் லெம்கின் கிரேக்கத்திலிருந்து ‘இனம்’ என்பதையும் லத்தீனிலிருந்து ‘கொல்லுதல்’ என்பதையும் எடுத்துத்தான் ஒட்டினார். ஆக மூலச் சொல்லிலும் கொலை இருக்கிறது. அவர் மனதில் இருந்தது மொழி, பண்பாடு, பிழைப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தகர்ப்பது, அதுவும் உண்மை. ‘பண்பாட்டு அழிப்பு’ என்ற பகுதியை 1948-இல் வெட்டியபோது மனிதர் நொந்துபோனார். ஆனால் சொல் அவரையே காலை வாரிவிட்டது.

நம்மைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன். பாதி.

11 ஏப்ரல்

இன்னொரு திருத்தம். பத்து மாட்டுக் கதையை ருவாண்டா போய்வந்த எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். ஆய்வாளர்கள் அதை நம்புவதில்லை. பெரும்பாலும் அவரவர் வாயால் சொன்னதையும் பாதிரிமார் சொன்னதையும் வைத்துத்தான் பதிந்தார்கள். மாட்டை எண்ணுவதைவிட இது மோசம் என்றுதான் எனக்குப் படுகிறது. கேட்டார்கள், சொன்னார்கள், எழுதினார்கள். பிறகு அறுபது வருடம் அதை அழிக்க முடியவில்லை.

அட்டையைப் பற்றிய இதே விஷயம் சட்டத்திலும் முட்டியது. 1998 செப்டம்பர் 2-இல், ருவாண்டாவுக்காகத் தான்சானியாவின் அருஷாவில் வைத்த ஐநா தீர்ப்பாயம் தபா என்ற வட்டாரத்தின் மேயர் ஜான் பால் அகயேசுவைக் குற்றவாளி என்றது. பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று ஒருவரை இனப்படுகொலைக்குத் தண்டித்தது அதுதான் முதல் முறை. கூட்டத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் பாலியல் வன்முறையும் இனப்படுகொலையே என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். அங்கே நீதிபதிகளுக்கு முன்னால் இருந்த கேள்வி கிட்டத்தட்ட உங்கள் கேள்வி. ஹூட்டுவுக்கும் டுட்சிக்கும் ஒரே மொழி, ஒரே கோயில், ஒரே மலைச்சரிவில் பக்கத்துப் பக்கத்து வீடு, பெண் கொடுத்து எடுத்தவர்கள் வேறு. எந்த அர்த்தத்தில் இது தனி இனம்? அட்டையில் அப்படித்தானே எழுதியிருந்தது, கொன்றவனும் செத்தவனும் அப்படித்தானே நம்பினார்கள் என்ற திசையில்தான் பதில் போயிற்று.

கம்போடியாவில் அப்படி ஒரு அட்டை இல்லை. ‘புதிய மக்கள்’ என்று நகரத்திலிருந்து விரட்டப்பட்டவர்களுக்குப் பெயர் வைத்தார்கள், சோற்றை அளந்தார்கள், சாகவிட்டார்கள். பெயர் இருந்தது, ஆனால் சட்டத்தின் நான்கு அறைகளில் அதற்கு அறை இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. தனித்தனியாகப் படித்தபோது உறைக்கவில்லை.

12 ஏப்ரல்

பட்டியல் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: அட்டை இல்லாவிட்டால் கொல்லமாட்டார்களா என்று. கொல்வார்கள். ஆனால் வேகம் மாறும், விழுக்காடு மாறும்.

கொன்ற கை ஒன்றே, நாடு வேறு. நாஜிகள் பிடித்த நாடுகளில் நெதர்லாந்தில் யூதர்களில் ஏறக்குறைய 75 விழுக்காடு அழிந்தார்கள். பெல்ஜியத்தில் 40-ஐ ஒட்டி, பிரான்சில் 25-ஐ ஒட்டி. டச்சுக்காரர்கள் யூத வெறுப்பில் மற்றவர்களை மிஞ்சியவர்கள் இல்லை. ஆனால் அவர்களுடைய மக்கள் பதிவேடு ஐரோப்பாவிலேயே மிகச் சுத்தமானவற்றில் ஒன்று. 1943 மார்ச் 27 இரவு ஆம்ஸ்டர்டாமில் சில ஓவியர்களும் சிற்பிகளும் போலீஸ் உடுப்பில் போய் அந்தப் பதிவு அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். காவலர்களைக் கொல்லவில்லை, அட்டைகளைத்தான் எரித்தார்கள். எரிந்தது ஒரு பங்குதான். பிடிபட்ட பன்னிரண்டு பேரை ஜூலையில் சுட்டார்கள்.

முப்பது வருடம் பேரேடு எழுதியவன் நான். தப்பில்லாத பதிவேடுதான் எங்கள் தொழிலில் பெருமை. அதைக் கொளுத்தியவனை வணங்க வேண்டி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

(பதிவேடு மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. அங்கே ஜெர்மானிய நிர்வாகம் வேறு மாதிரி, தட்டையான நாடு, ஒளிய மலை இல்லை, எல்லை தாண்ட வழி இல்லை. நான்கைந்து காரணங்கள் சேர்ந்தவை.)

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துகள்.

துக்க வாரம் 13-ஆம் தேதி முடியும். மறுநாள் நமக்குப் பிறப்பு. 2009-இல் கிகாலியில் நாங்கள் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிப் பாயசம் வைத்தோம், கதவை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல். கெமர்களுக்கும் இதே நாட்களில்தான் புத்தாண்டு. 1975-இல் அந்தப் பண்டிகை முடிந்த கையோடு, ஏப்ரல் 17 அன்று, கெமர் ரூஜின் கறுப்புச் சட்டைப் பையன்கள் தலைநகர் நாம் பென்னுக்குள் வந்தார்கள். சனம் தெருவில் நின்று கை தட்டியது. சண்டை முடிந்தது என்று நினைத்தார்கள். அன்றைக்கே ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் உட்பட.

17 ஏப்ரல்

ஐம்பது வருடம்.

நாம் பென்னில் கெமர் ரூஜ் நடத்திய துவோல் ஸ்லெங் சிறைக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். அது முன்னால் பள்ளிக்கூடம். மூன்று மாடிக் கட்டடங்கள், நீள வராந்தா, கட்டம் போட்ட தரை ஓடு, நடுவில் மைதானம். நான் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் உடற்பயிற்சிக்குக் கயிறு ஏறிய கம்பத்தில் ஆட்களைத் தலைகீழாகக் கட்டினார்கள். சிறைத் தலைவன் துச் கணக்கு வாத்தியார். வாக்குமூலங்களை ஒரு வாத்தியார் பரீட்சைத் தாளைத் திருத்துவதுபோல ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறான். வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண், ஒரு போட்டோ.

பேரேட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தவனுக்கு அங்கே வயிறு கலங்கிவிட்டது. வெளியே வந்து இளநீர் குடித்தேன். என் மனைவி, “என்னங்க, எல்லாரும் கோயில் பார்க்க வர்றாங்க, நீங்க இதைப் பார்க்க வந்திருக்கீங்க” என்றாள். மறுநாள் அங்கோர் போனோம். எதுவும் ஏறவில்லை.

20 ஏப்ரல்

‘என்ன சொல் சொன்னார்கள்’ என்று இன்னொரு கட்டம். தாளில் எனக்கு மிகவும் உபயோகப்பட்ட கட்டம் இதுதான்.

ருவாண்டாவில் கொல்வதற்குச் சொன்ன சொல் ‘குகோரா’, அதாவது வேலை செய்வது. கொலையைத் தூண்டிய ஆர்டிஎல்எம் வானொலியில் ‘வேலை’ எப்படிப் போகிறது என்று விசாரிப்பார்கள். ஆர்மேனியர்களை அழித்த துருக்கியின் ஒட்டோமன் அரசு ‘இடமாற்றம்’ என்றது. நாஜிகள் ‘சிறப்புக் கவனிப்பு’, ‘கிழக்கே குடியேற்றம்’ என்றார்கள். கெமர் ரூஜ் ‘படிக்க அனுப்பியிருக்கிறோம்’ என்றது. எல்லாமே வீட்டுச் சொற்கள், ஆபீஸ் சொற்கள். புதிதாக ஒரு பயங்கரச் சொல்லை யாரும் உண்டாக்கவில்லை.

அடுத்தது பயிர்ச் சொல். ‘புல்லைப் பிடுங்கினால் வேரோடு பிடுங்கு’ என்பது கெமர் ரூஜ் வாசகம், பிள்ளைகளையும் சேர்த்துக் கொன்றதற்கு அதுதான் நியாயம். ருவாண்டாவிலும் புதர் வெட்டுவது, களை பிடுங்குவது என்ற பேச்சு ஓடியது. இதை எழுதும்போது கை நின்றது. நம்மிடமும் ‘களையெடுப்பு’ இருக்கிறது. எண்பதுகளில் ஈழத்து இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடியபோது துரோகிகள் என்று முத்திரை குத்திக் கொன்றதற்கு அந்தச் சொல்தான். சென்னையில் கட்சிக்காரர்கள் இன்றும் மேடையில் சொல்கிறார்கள், ஆளைக் கட்சியை விட்டு நீக்கத்தான். கொலைகாரனை அரசன் ஒறுப்பது பயிரில் களை கட்டதற்குச் சமம் என்று குறளிலேயே இருக்கிறது. அங்கே அது குற்றம் செய்தவனுக்கான தண்டனை, கூட்டத்துக்கு இல்லை, தெரியும். ஆனாலும் விவசாயம் செய்கிற எந்த மொழியிலும் இந்தச் சொல் மண்வெட்டி மாதிரி மூலையில் சாத்தியே இருக்கிறது, எடுத்துக்கொள்வது சுலபம்.

21 ஏப்ரல்

“நம்மைப் போய் அவர்களோடு சேர்க்கிறாயா” என்று இருவர். சேர்க்கவில்லை. ஒரு சொல்லைத்தான் பக்கத்தில் வைத்தேன்.

24 ஏப்ரல்

ஆர்மேனியர் நினைவு நாள். 1915-இல் இதே தேதியில் கான்ஸ்டாண்டிநோபிளில் அவர்களுடைய எழுத்தாளர்களையும் தலைவர்களையும் பிடித்தார்கள். பிறகு ஊர் ஊராகச் சிரியப் பாலைவனத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறதே, அங்கே அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மேனியன் தெரு என்பதுதான் நம் வாயில் அப்படி ஆயிற்று. உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை வெளிவந்ததும் மதராஸில்தான், 1794-இல். அந்தத் தெருச் சர்ச்சில் போய் உட்கார்ந்திருக்கிறேன். பழைய கல்லறைக் கற்களைத் தரையாகப் பதித்திருக்கிறார்கள், எழுத்து ஒன்றும் புரியாது, நல்ல நிழல்.

லெம்கினுக்கு இந்த ஒப்பிடும் பைத்தியம் ஆர்மேனியர்களிடமிருந்துதான் பிடித்தது. 1921-இல் பெர்லின் தெருவில் தெஹ்லிரியன் என்ற ஆர்மேனிய இளைஞன், அந்த அழிப்பை நடத்திய ஒட்டோமன் அமைச்சர் தலாத் பாஷாவைச் சுட்டுக் கொன்றான். சட்டம் படித்துக்கொண்டிருந்த லெம்கின் தன் பேராசிரியரைக் கேட்டார்: ஒருவனைக் கொன்றவனுக்கு விசாரணை, ஒரு இனத்தையே கொன்றவனுக்கு ஏன் இல்லை? பேராசிரியர் சொன்ன பதில்: கோழி வளர்க்கிறவன் தன் கோழிகளை அறுக்கிறான், அது அவன் பாடு, நீ தலையிட்டால் அத்துமீறல். லெம்கினுக்கு இது ஆர்மேனியர் விஷயமாக மட்டும் நின்றுவிடவில்லை. யூதர்களின் அழிவில் அவர் குடும்பத்தில் 49 பேர் போனார்கள். ஒப்பிடுவது அவமதிப்பு என்றால் அந்த மனிதரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1959 ஆகஸ்ட் 28-இல் நியூயார்க்கில் செத்தார், கையில் காசில்லாமல். அதற்கு முந்தைய நாள்தான் இந்தியா அந்த உடன்படிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. இன்றுவரை அதற்கென்று உள்நாட்டில் தனிச் சட்டம் போடவில்லை என்பது வேறு கதை.

27 ஏப்ரல்

கணக்குப்பிள்ளை புத்தியில் வந்த கட்டம் ஒன்று பாக்கி: ‘வீடு யாருக்குப் போனது?’

ஒட்டோமன் அரசு 1915-இல் ஆர்மேனியர் சொத்துக்கு ஆணையங்கள் வைத்தது. பேரேட்டுத் தலைப்பு ‘கைவிடப்பட்ட சொத்து’. கைவிட்டுவிட்டுப் போனார்களாம்! ஹாம்பர்க்கில் யூதர்களின் வீட்டுச் சாமானைப் பகிரங்கமாக ஏலம் போட்டார்கள், சாதாரணக் குடும்பங்கள் போய் வாங்கின. நமீபியாவுக்கு 2021-இல் ஜெர்மனி முப்பது வருடத்தில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. வளர்ச்சிக்கு உதவி என்ற தலைப்பில்தான், இழப்பீடு என்ற தலைப்பில் இல்லை. தலைப்பு மாறினால் கணக்கே மாறும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம்.

கம்போடியா வரியில் இந்தக் கட்டம் காலி. கெமர் ரூஜ் பணத்தையே ஒழித்தது, மத்திய வங்கியை வெடிவைத்துத் தகர்த்தது. யாரும் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, வீடே இல்லை. ஆக, ஆசைதான் கொலைக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் நான் கட்டி வைத்திருந்த சித்தாந்தம் அந்த ஒரு காலிக் கட்டத்தில் விழுந்துவிட்டது. ஒப்பிட்டதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

ருவாண்டாவில் போனது தகரம். கூரைத் தகரம், கதவு, ஜன்னல், மாடு. ஸ்டோர்க்காரருடைய பெற்றோர் வீட்டில் 36 தகரம். 1994-க்குப் பிறகு திரும்பிப் போனபோது நாலு சுவரும் வானமும் இருந்ததாம். தகரம் மலைச்சரிவில் இரண்டு வீடு தள்ளி இருந்தது. கச்சாச்சா ஊர்மன்றம் தெரியுமா? ஊர்ப் பெரியவர்கள் புல் தரையில் உட்கார்ந்து கிட்டத்தட்ட 20 லட்சம் வழக்கு பார்த்தார்கள், 2012-இல் மூடினார்கள். அது நடக்கும் காலையில் அந்த வட்டாரத்தில் கடை திறக்கக்கூடாது, நாங்களும் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்போம். கொலைக்கு ஒரு வகை, திருட்டுக்கும் சேதத்துக்கும் தனி வகை. பின்னதற்குச் சிறை இல்லை, ஈடு கொடுக்க வேண்டும்.

அந்த அண்டை வீட்டுக்காரர் எங்கள் கடைக்கே வருவார். காப்பி விற்ற காசில் ஒரு தகரம், சில மாதம் இரண்டு. பில் என்னிடம்தான் போடுவார். வாங்கியதை வண்டியில் ஏற்றமாட்டார், ஸ்டோரிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். ஸ்டோர்க்காரர் ஸ்டாக் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போடுவார். இரண்டு பேரும் பேசி நான் பார்த்ததில்லை. 2011-இல் நான் கிளம்பும்போது 19 கோடு.

2 மே

‘இத்தனை கட்டம் போட்டீர்களே, எண்ணிக்கை எங்கே?’ இருக்கிறது, எக்செலில் ஹைட் பண்ணி வைத்திருக்கிறேன்.

ருவாண்டாவுக்கு மனித உரிமை ஆய்வாளர்கள் குறைந்தது 5 லட்சம் என்றார்கள், ஐநா 8 லட்சம், ருவாண்டா அரசு 10 லட்சத்துக்கு மேல். எட்டு லட்சத்தை நூறு நாளால் வகுத்துத் தினம் எட்டாயிரம் என்று ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். போட்டு முடித்ததும், நாளைக்கு எத்தனை மூட்டை சிமெண்டு போகிறது என்று பார்க்கும் அதே ஃபார்முலாவை இழுத்து வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. அழித்துவிட்டேன்.

எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் சட்டம் தலைகீழாகத் தெரியும். பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் சில நாட்களில் கொல்லப்பட்ட ஏறக்குறைய 8,000 ஆண்களும் பையன்களும் இனப்படுகொலை என்று ஹேகில் தீர்ப்பானது. கம்போடியாவின் 15 லட்சத்துக்கு மேல் பெரும்பகுதி அப்படி ஆகவில்லை. ஸ்ரெப்ரெனிட்சா பெரிதா சிறிதா என்று யாராவது கேட்டார்களா? ஒரு கூட்டத்தின் ஒரு பகுதியை, அந்தக் கூட்டம் என்பதற்காகவே அழிக்க நினைத்தார்களா என்றுதான் கேட்டார்கள்.

எண்ணே வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. 1993 ஜனவரியிலிருந்து 1994 மார்ச் வரை ருவாண்டாவுக்குள் இறக்குமதியான வெட்டரிவாள் 5 லட்சத்து 81 ஆயிரம் கிலோ. உரிமப் பதிவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். நான் அதே சாமானுக்கு அதே மாதிரிப் படிவம் நிரப்பினவன். திட்டமிட்டதற்கு அது ஒரு சாட்சி. செத்தவர்களை எண்ணுவதைவிடக் கருவியை எண்ணுவது சில சமயம் அதிகம் சொல்கிறது.

18 மே

‘ஊரெல்லாம் சுற்றுகிறீர்கள், முள்ளிவாய்க்கால் எங்கே?’ என்று ஏப்ரல் 6-ஆம் தேதியிலிருந்து நாலைந்து பேர். இன்றைக்கு எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

2009 ஏப்ரல், மே இரண்டு மாதமும் நான் கிகாலியில். அங்கே அது பதினைந்தாம் ஆண்டு. பகலில் அவர்கள் துக்கம், இரவில் நான் இன்டர்நெட்டில் வன்னிப் படங்கள். ஒரு நாள் தாங்காமல் ஸ்டோர்க்காரரிடம், எங்கள் ஆட்களுக்கும் இப்போது இதே நடக்கிறது என்றேன். ‘இதே’ என்ற சொல்லுக்கு அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன், அனுதாபமாகவோ கோபமாகவோ. அவர் கேட்டது ஒன்றுதான்: “பட்டியல் யாரிடம் இருக்கிறது?” எனக்குப் பதில் தெரியவில்லை. 1983-இல் கொழும்பில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்ததைச் சொன்னேன். தலையசைத்தார்.

அந்த வரியில் எண்ணிக்கைக் கட்டத்தில் மூன்று எண்கள் இருக்கின்றன. ஐநா நிபுணர் குழு 2011-இல் 40,000 வரை இருக்கலாம் என்றது. ஐநாவின் உள் விசாரணை 2012-இல், 70,000 பேருக்கு மேல் கணக்கில் வரவில்லை என்ற தகவலைச் சொன்னது. மூன்றாவது 1,46,679. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் சொன்ன எண். இதைச் செத்தவர் தொகை என்று மேடையில் சொல்கிறார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயர் போட்டது ஒரு கழித்தல். 2008 அக்டோபரில் கச்சேரி, அதாவது மாவட்ட அரசு அலுவலகக் கணக்கில் வன்னியில் 4,29,059 பேர். வெளியே வந்து முகாமில் பதிவானவர்கள் ஐநா கணக்கில் 2,82,380. மீதி எங்கே, கணக்குச் சொல்லுங்கள் என்று இலங்கை அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழு முன்னால் கேட்டார். இருப்பில் இவ்வளவு குறைகிறது என்று நாங்கள் எழுதிவைத்தால் அது களவு என்று அர்த்தமில்லை, விளக்கம் சொல்ல வேண்டியவர் சொல்லியாக வேண்டும் என்று அர்த்தம். கணக்கு எழுதியவன் என்ற முறையில் இதைவிட நேர்மையான கேள்வியை நான் பார்த்ததில்லை. பதில் இன்னும் வரவில்லை. அதை நாமே பிணக்கணக்காக்கிவிட்டால், பதில் சொல்ல வேண்டியவன் ‘இந்த எண் தப்பு’ என்று சுலபமாகத் தப்பிவிடுவான்.

இனப்படுகொலையா இல்லையா? வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரியில் ஆம் என்று தீர்மானம் போட்டது. ஐநா அறிக்கைகள் போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் என்பதோடு நின்றன. நான் ஆம் பக்கம். ஆனால் அந்த முடிவுக்கு எனக்கு வழி காட்டியது எண்ணிக்கைக் கட்டம் இல்லை. ‘பாதுகாப்பு வலயம்’ என்று அரசே பெயர் வைத்துச் சனத்தைக் கூப்பிட்டது, அங்கே குண்டு விழுந்தது, சோறும் மருந்தும் போகாமல் அளந்தார்கள். சொல் கட்டம், சோறு கட்டம். மற்ற வரிகளைப் படிக்காமல் இருந்திருந்தால் இந்த வரியை நான் வெறும் ஆத்திரத்தில் படித்திருப்பேன். ஆத்திரமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

19 மே

‘யூதர் கதை மாதிரி நம் கதையும் உலகத்துக்குத் தெரிய வேண்டும்’ என்று ஒருவர். இந்த ‘மாதிரி’தான் என் வியாதியும். இரண்டு வருடம் தாளில் நான் தேடிக்கொண்டிருந்தது, நம் காலுக்குப் பொருந்துகிற அடுத்தவன் செருப்பு. எதுவும் பொருந்தவில்லை.

1 ஜூன்

நேற்று ஸ்டோர்க்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன், ஏழெட்டு வருடம் கழித்து. இப்படி ஒரு பேச்சு ஓடுகிறது, உங்கள் தகரத்தைப் பற்றி எழுதிவிட்டேன், பெயர் போடவில்லை, தப்பா என்று. காலையில் பதில் வந்தது. தப்பில்லை என்றார். அண்டை வீட்டுக்காரர் ஐந்து வருடம் முன்னால் காலமானாராம், அதுவரை 31. போன வருடம் அவர் மகன் தானாக ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனானாம். பாக்கி நாலு. கேட்கப் போவதில்லையா என்றேன். இப்போது தகரம் என்ன விலை விற்கிறது தெரியுமா, நீ கடையை விட்டுப் போய் ரொம்ப நாளாயிற்று என்று எழுதியிருக்கிறார்.